வாங்கிய விமானம் பறக்க வேண்டும்: கடற்படை, விமானப்படை நவீனமயமாக்கல் ஓர் அறிமுகம்

ஒரு வளரும் நாடு புதிய போர் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டால் அன்று மாலையே தொலைக்காட்சியில் அட்டவணை வந்துவிடுகிறது. இடப்பக்கம் ஒரு நாட்டின் விமானங்கள், வலப்பக்கம் அண்டை நாட்டின் விமானங்கள். கீழே நீர்மூழ்கிகள், போர்க்கப்பல்கள். எண் எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கம் வலிமையானது என்று விவாதம் முடிந்துவிடும். இந்த அட்டவணைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் நாளைக் காலை அவற்றில் எத்தனை கிளம்பும், கிளம்பிப்போய் எதைப் பார்க்கும், பார்த்ததை யாருக்குச் சொல்லும், பத்தாண்டு கழித்தும் கிளம்புமா என்ற கேள்விகள் எதற்கும் அதில் விடை கிடையாது.

பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை வாங்குவதே நவீனமயமாக்கல் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வாங்குவது அதன் தொடக்கம் மட்டுமே. ஒரு போர்க்கப்பலோ விமானமோ முப்பது ஆண்டுகள் பணியில் இருக்கும். அந்த முப்பது ஆண்டுகளுக்கும் பணம், ஆள், உதிரிபாகம், வெடிபொருள், செய்தித்தொடர்பு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்வதுதான் உண்மையான வேலை. அது எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது என்பதைத் துறை சாராத வாசகருக்காக இங்கே எழுதுகிறேன்.

## ஒரு பஸ்ஸும் ஒரு பஸ் சேவையும்

ஒரு ஊருக்குப் பஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பஸ்ஸை வாங்கி நிறுத்தினால் அந்த ஊருக்குப் பஸ் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மணிக்கு ஒரு பஸ் நிற்க வேண்டுமானால், ஒன்று போய்க்கொண்டிருக்கும்போது இன்னொன்று திரும்பிக்கொண்டிருக்க வேண்டும், மூன்றாவது பணிமனையில் இருக்கும். ஓட்டுநர்கள் முறை மாற்றி வர வேண்டும். டயரும் பிரேக்கும் கையிருப்பில் இருக்க வேண்டும், டீசலுக்கு மாதாமாதம் பணம் வர வேண்டும். பயணிக்குப் பயன்படுவது பஸ் அல்ல, நேரத்துக்கு வந்து நிற்கும் சேவை.

கடற்படைகளிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. ஒரு கடல் பகுதியில் எந்நேரமும் ஒரு போர்க்கப்பல் ரோந்தில் இருக்க வேண்டுமானால் ஏறக்குறைய மூன்று கப்பல்கள் தேவை என்பது பல கடற்படைகளும் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஒன்று கடலில் இருக்கும். ஒன்று உலர் துறையில் பழுதுபார்ப்பில் கிடக்கும். மூன்றாவது பயிற்சியிலோ, பணியிடத்துக்குப் போகும் வழியிலோ, திரும்பும் வழியிலோ இருக்கும். இரண்டு கப்பல் மட்டும் வாங்கிய நாட்டுக்கு ஆண்டில் சில மாதங்கள் ஒரு கப்பல்கூடக் கடலில் இருக்காது. அந்த மாதங்களை எதிராளியும் எண்ணிக்கொண்டிருப்பார்.

இங்கே ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது. கையில் இருப்பவற்றில் எத்தனை பங்கு இன்றைக்கே பணிக்குக் கிளம்பக்கூடிய நிலையில் உள்ளது என்பதைத் தயார்நிலை விகிதம் என்கிறோம். ஒரு விமானப்படையிடம் 40 விமானங்கள் இருந்து அவற்றில் பாதி மட்டுமே பறக்கத் தயார் என்றால் பயன்படுவது 20. உதிரிபாகங்களும் பொறியாளர்களும் கிடைத்து அந்த விகிதம் முக்கால் ஆனால் 30. ஒரு விமானமும் வாங்காமல் 10 விமானங்கள் கூடிவிட்டன. பழைய விகிதத்திலேயே இருந்துகொண்டு அந்தப் பத்தைப் பெற வேண்டுமானால் 20 புதிய விமானங்கள் வாங்க வேண்டும். ஆனால் உதிரிபாகக் கிடங்கைத் திறந்துவைக்க எந்த அமைச்சரும் வருவதில்லை, புகைப்படமும் வெளியாவதில்லை. பணம் குறையும்போது முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான்.

இதுவரை சொன்னதன் சாரம்: வைத்திருக்கும் எண்ணிக்கை ஒன்று, பயன்படும் எண்ணிக்கை வேறு. நவீனமயமாக்கல் இரண்டாவதை உயர்த்தியாக வேண்டும்.

## எல்லாம் ஒரே நேரத்தில் ஏன் மூப்படைகின்றன?

வளரும் நாடுகளின் படைக்கலங்கள் பெரும்பாலும் மொத்தமாக வந்தவை. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவோ சோவியத் ஒன்றியமோ கடனாகவும் உதவியாகவும் தந்தவை, அல்லது எண்ணெய் விலை ஏறிய நல்ல ஆண்டுகளில் ஒருசேர வாங்கியவை. ஒன்றாக வந்தவை ஒன்றாகவே முதுமையடைகின்றன. முப்பது ஆண்டு கழித்து எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டிய நிலை வரும். அதற்கான பணம் எந்த ஒற்றை ஆண்டின் வரவுசெலவிலும் இருக்காது.

மூப்பு என்பதும் பல வகை. விமானத்தின் உலோக உடல் ஒவ்வொரு திருப்பத்திலும் தரையிறக்கத்திலும் வளைந்து நிமிர்கிறது. அதனால் நுண்ணிய விரிசல்கள் சேர்கின்றன. ஆகவே அதன் ஆயுளை ஆண்டுகளைவிடப் பறந்த மணிகளால் அளக்கிறார்கள். கப்பலின் அடிப்பாகத்தை உப்பு அரிக்கிறது. மூன்றாவது வகைதான் பலருக்குத் தெரியாதது: உடல் நன்றாக இருக்கும்போதே உள்ளிருக்கும் மின்னணுப் பாகங்களைச் செய்த தொழிற்சாலை அவற்றைச் செய்வதை நிறுத்திவிடுகிறது. பிறகு ஒரு விமானத்தைப் பறக்கவைக்க இன்னொரு விமானத்தைப் பிரித்துப் பாகம் எடுக்கிறார்கள். பட்டியலில் இரண்டும் விமானம்தான்.

பிலிப்பைன்ஸின் கதை இதற்குப் பாடம்போல் இருக்கிறது. கிளார்க்கிலும் சூபிக் விரிகுடாவிலும் அமெரிக்காவின் பெருந்தளங்கள் இருந்தவரை, வெளிப் பாதுகாப்பைப் பற்றி மணிலா அதிகம் கவலைப்படவில்லை. 1991 இல் பிலிப்பைன்ஸ் செனட் தள ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1992 நவம்பரில் அமெரிக்கர்கள் சூபிக்கை விட்டு வெளியேறினார்கள். 1995 இல், தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் பாறைத்திட்டில் சீனா கட்டுமானம் எழுப்பியிருந்தது தெரியவந்தது. அதே ஆண்டு படைகளை 15 ஆண்டுகளில் நவீனப்படுத்துவதற்கான சட்டம் நிறைவேறியது. அடுத்து 1997 இன் ஆசிய நிதி நெருக்கடி வந்தது, பெசோ சரிந்தது, திட்டத்துக்கான பணமும் கரைந்தது. 2005 இல் கடைசி எஃப்-5 விமானங்கள் ஓய்வு பெற்றன. அதன் பிறகு பத்தாண்டுகள், 2015 இறுதியில் தென்கொரியாவின் எஃப்ஏ-50 விமானங்கள் வரும்வரை, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட அந்த நாட்டிடம் ஒரு ஜெட் போர் விமானமும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்காக 1943 இல் கட்டப்பட்ட கப்பல் ஒன்று, ராஜா ஹுமாபோன் என்ற பெயரில், 2018 வரை அந்நாட்டுக் கடற்படையில் பணியாற்றியது.

இந்தியாவிலும் இதற்கு இணையான ஒரு கதை உண்டு. 1963 இல் விமானப்படையில் சேர்ந்த மிக்-21 கடைசியாக விடைபெற்றது 2025 செப்டம்பரில். அதன் இடத்துக்கு வர வேண்டிய தேஜஸ் திட்டத்துக்கு 1983 இல் அனுமதி கிடைத்தது. முதல் தேஜஸ் அணி உருவானது 2016 இல். மாற்று தாமதமாகும்போது பழையது கூடுதல் காலம் பறக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதல் காலத்தின் ஆபத்தைச் சுமப்பவர்கள் விமானிகள்.

## 290 கிலோமீட்டர் பாயும், ஆனால் 40 கிலோமீட்டர்தான் தெரியும்

செய்திகளில் ஏவுகணையின் வீச்சு பெரிய எழுத்தில் வரும். பிலிப்பைன்ஸ் 2022 ஜனவரியில் சுமார் 37.5 கோடி டாலருக்கு இந்தியாவிடமிருந்து பிரம்மோஸ் ஏவுகணைகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. கரையிலிருந்து கப்பலைத் தாக்கும் வகை, வீச்சு சுமார் 290 கிலோமீட்டர். உடனே வரைபடத்தில் 290 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் எந்தக் கப்பலும் தப்பாது என்று பலர் எழுதினார்கள்.

பூமி உருண்டை என்பதை அந்த வட்டம் மறந்துவிடுகிறது. ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. கடல் அதற்குக் கீழே வளைந்து இறங்குகிறது. கப்பலில் 25 மீட்டர் உயரத்தில் பொருத்தப்பட்ட ரேடார், நீர்மட்டத்துக்கு மேல் 16 மீட்டர் உயர்ந்து நிற்கும் இன்னொரு கப்பலை ஏறக்குறைய 37 கிலோமீட்டர் தொலைவில்தான் முதலில் காணும். அதற்கு அப்பால் அந்தக் கப்பல் கடலின் வளைவுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. இந்த எல்லையை ரேடார் அடிவானம் என்பார்கள். எவ்வளவு பணம் கொடுத்து எவ்வளவு சக்திவாய்ந்த ரேடார் வாங்கினாலும் சாதாரணக் கப்பல் ரேடாருக்கு இந்த எல்லை பெரிதாக நகராது. உயரம் ஒன்றே அதை நகர்த்தும். கரையோர மலையில் வைத்தால் கொஞ்சம் நீளும். 6,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் ரோந்து விமானத்துக்கு அது 300 கிலோமீட்டரைத் தாண்டும்.

ஆகவே 290 கிலோமீட்டர் ஏவுகணையை முழுமையாகப் பயன்படுத்த, அதை ஏவுபவருக்குத் தெரியாத தொலைவில் வேறொருவர் பார்க்க வேண்டும். பார்த்தது போர்க்கப்பலா சரக்குக் கப்பலா என்று அடையாளம் காண வேண்டும். அது இப்போது எங்கே, எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்பதை ஏவுபவரின் திரைக்கு நொடிகளில் அனுப்ப வேண்டும். இந்தக் கடைசிப் படிக்குத் தரவு இணைப்பு என்று பெயர்: ஒரு கலத்தின் ரேடார் கண்டதை இன்னொரு கலத்தின் கணினிக்கு மறைகுறியாக்கி அனுப்பும் வானொலி வலை. கண், வலை, கை மூன்றும் சேர்ந்தால்தான் ஆயுதம். கையை மட்டும் வாங்குவது எளிது, ஏனென்றால் அணிவகுப்பில் காட்ட முடிவது அதைத்தான்.

வலையில் சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? ஒரு நாடு கப்பலை ஒருவரிடமும் விமானத்தை இன்னொருவரிடமும் ஏவுகணையை மூன்றாமவரிடமும் வாங்குகிறது. மூன்றும் தனித்தனி மொழியில் பேசுகின்றன. பிலிப்பைன்ஸ் தென்கொரியாவில் கட்டிய ஹோசே ரிசால் வகைக் கப்பல்களின் போர் மேலாண்மை அமைப்பு, அதாவது ரேடாரையும் ஆயுதங்களையும் ஒன்றாக இயக்கும் கணினி, எந்த நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும் என்ற சச்சரவு 2017 டிசம்பரில் கடற்படைத் தலைவரே பதவியிழக்கும் அளவுக்கு முற்றியது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு ஒரு கணினிக்காகவா இவ்வளவு என்று தோன்றியிருக்கும். அந்தக் கணினி மற்றவற்றோடு பேசுமா என்பதில்தான் கப்பலின் பாதி மதிப்பு இருக்கிறது.

கண்ணும் வலையும் இருந்து கையில் ஒன்றும் இல்லாத நிலையும் உண்டு. இந்தியாவின் ஸ்கார்பீன் வகை நீர்மூழ்கிகளில் முதலாவதான கல்வரி 2017 டிசம்பரில் பணியில் சேர்ந்தபோது, அதற்கென்று தேர்ந்தெடுத்த புதிய டார்பிடோக்கள், அதாவது நீருக்கடியில் பாய்ந்து தாக்கும் ஆயுதங்கள், வாங்கப்பட்டிருக்கவில்லை. அவற்றைத் தயாரிக்கும் குழுமத்தின் மீது வேறொரு ஹெலிகாப்டர் பேரத்தில் ஊழல் புகார் எழுந்ததால் அந்தக் கொள்முதல் கைவிடப்பட்டது. பழைய ஜெர்மானிய டார்பிடோக்களோடு ஒப்பேற்ற வேண்டியதாயிற்று.

சுருக்கமாக: தனிப் பொருள் எதுவும் திறன் ஆகாது. பார்ப்பது, அடையாளம் காண்பது, சொல்வது, அடிப்பது என்ற சங்கிலியில் எந்தக் கண்ணி பலவீனமோ அதன் அளவுக்கே படை வலிமையாக இருக்கும். புதிய போர் விமானத்தைவிடச் சில கடல்சார் ரோந்து விமானங்களும் கரையோர ரேடார்களும் ஒரு நாட்டுக்கு அதிகம் கொடுக்கலாம். பிலிப்பைன்ஸ் 2020 இல் ஜப்பானிடம் நான்கு வான் கண்காணிப்பு ரேடார்கள் வாங்கியது எனக்கு இந்த வகையில் அறிவார்ந்த முடிவாகப் படுகிறது.

## விலைச்சீட்டில் இல்லாத விலை

ஒரு கலத்தை வடிவமைத்து, வாங்கி, முப்பது ஆண்டு ஓட்டி, கடைசியில் உடைத்து அகற்றுவதுவரை ஆகும் மொத்தச் செலவுக்கு ஆயுட்காலச் செலவு என்று பெயர். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கின்படி அதில் ஏறக்குறைய 70 விழுக்காடு வாங்கிய பிறகு ஆகும் செலவு: எரிபொருள், பராமரிப்பு, ஆட்களின் சம்பளம், மேம்படுத்தல். செய்தியில் வரும் விலை மீதி 30 விழுக்காட்டுக்குள் அடங்கியது.

இது புரியாமல் போனால் இலவசமாகக் கிடைப்பதே மிக விலை உயர்ந்ததாகிவிடும். பிரேசில் 2000 ஆம் ஆண்டில் பிரான்ஸிடமிருந்து ஃபோஷ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை 1.2 கோடி டாலருக்கு வாங்கியது. 1963 இல் பணியில் சேர்ந்த கப்பல் அது. சாவ் பாவ்லோ என்று பெயர் மாறியது. விபத்துகளும் பழுதுகளும் தொடர்ந்தன. சீரமைக்க ஆகும் செலவைப் பார்த்து 2017 இல் பிரேசில் அதைக் கைவிட முடிவு செய்தது. உடைத்து விற்கவும் முடியவில்லை: உள்ளே கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ் என்ற நச்சுப்பொருள்) இருந்ததால் துருக்கி அதை ஏற்க மறுத்தது, துறைமுகம் தேடி அலைந்த கப்பலை 2023 பிப்ரவரியில் பிரேசில் கடற்படையே அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது. இந்தியா ரஷ்யாவிடம் வாங்கிய விக்ரமாதித்யாவின் கதை நல்லபடியாக முடிந்தது, ஆனாலும் 2004 இல் 97.4 கோடி டாலருக்குப் போட்ட ஒப்பந்தம் ஏறக்குறைய 235 கோடி டாலரில் போய் நின்றது. கப்பல் ஐந்தாண்டு தாமதமாக 2013 இல் வந்தது. பழைய கப்பலின் சுவரைப் பிரித்த பிறகே உள்ளே எத்தனை மின்கம்பியை மாற்ற வேண்டும் என்பது தெரியும்.

பழையதை வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. பணம் இல்லாத நாட்டுக்குப் பயிற்சி பெறவும் இடைவெளியை நிரப்பவும் அது உதவும். எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு பராமரிப்புச் செலவில் என்பதைக் கணக்கிட்டு வாங்க வேண்டும். புதியதாக வாங்கினாலும் இதே கணக்கு உண்டு. தாய்லாந்து ஸ்பெயினில் புத்தம்புதிதாகக் கட்டிய சக்ரி நருபெட் விமானந்தாங்கிக் கப்பல் 1997 இல் பணியில் சேர்ந்தது; அதே ஆண்டு நிதி நெருக்கடி வெடித்தது. கடலில் ஓட்டவே பணம் தட்டுப்பட்டது. அதில் இருந்த பழைய ஹாரியர் விமானங்களுக்கு உதிரிபாகம் கிடைக்காமல் போய், 2006 இல் அவை ஓய்வு பெற்றன. விமானமில்லாத விமானந்தாங்கி மிஞ்சியது.

நாணய மதிப்பும் இதில் சேரும். வரி வருமானம் உள்நாட்டுப் பணத்தில் வருகிறது, ஆயுத விலையோ டாலரில். 1997 நெருக்கடியில் பாத் சரிந்தபோது தாய்லாந்து தான் கேட்டிருந்த எஃப்-18 விமானங்களை ரத்து செய்தது. இந்தோனேசியா சுகோய் கொள்முதலைக் கைவிட்டது.

## உதிரிபாகம் யார் கையில்?

என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் மிகக் குறைவாகப் பேசப்படும் உண்மை இது: வெளிநாட்டு ஆயுதத்தை வாங்கினாலும் அதன் மேல் விற்றவரின் பிடி போவதில்லை. யாருக்கு எதிராகப் பயன்படுத்தலாம், யாருக்கு மறுவிற்பனை செய்யலாம், யார் பழுதுபார்க்கலாம் என்ற நிபந்தனைகளில் வாங்கும் நாடு கையெழுத்திடுகிறது. இதைப் பயன்பாட்டு உறுதிமொழி என்று சொல்லலாம். எழுதாத நிபந்தனை ஒன்றும் உண்டு. உறவு கசந்தால் உதிரிபாகம் நிற்கும்.

பாகிஸ்தான் 1980களின் இறுதியில் எஃப்-16 விமானங்களுக்கு அமெரிக்காவுக்குப் பணம் கட்டியது. பாகிஸ்தானின் அணு ஆயுதத் திட்டம் காரணமாக, அந்நாட்டுக்கு ஆயுதம் தருவதைத் தடுக்கும் அமெரிக்காவின் பிரெஸ்லர் சட்டத்திருத்தம் 1990 அக்டோபரில் செயலுக்கு வந்தது, கட்டி முடித்த 28 விமானங்கள் அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. பணமும் கையில் இல்லை, விமானமும் இல்லை. 1998 இல்தான் ஈடு கிடைத்தது. அதிலும் ஒரு பகுதி கோதுமை உள்ளிட்ட பொருள்களாக. இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோரில் நடந்த வன்முறையை ஒட்டி 1999 இல் விழுந்த அமெரிக்கத் தடையால் இந்தோனேசியாவின் எஃப்-16 விமானங்கள் உதிரிபாகமின்றித் தரையில் நின்றன. தடை 2005 இல்தான் நீங்கியது. இடையில் 2003 இல் ஜகார்த்தா ரஷ்ய சுகோய் விமானங்களை வாங்கியது.

விற்பவர் நண்பராக இருந்தாலும் அவருக்குப் பாகம் தருபவர் நண்பராக இல்லாமல் போகலாம். தாய்லாந்து 2017 இல் சீனாவிடம் ஒரு நீர்மூழ்கியை வாங்க ஒப்பந்தம் போட்டது. அதில் ஜெர்மன் டீசல் எஞ்சின் பொருத்துவதாகப் பேச்சு. சீனாவுக்கு ஆயுதம் விற்பதற்கு ஐரோப்பியத் தடை இருப்பதால் ஜெர்மனி எஞ்சினைத் தர மறுத்தது. கட்டுமானம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. அர்ஜென்டினா தென்கொரியாவிடம் எஃப்ஏ-50 வாங்க விரும்பியபோது, அந்த விமானத்தில் பிரிட்டனில் செய்த சில பாகங்கள் இருந்ததால் 2020 இல் அந்தப் பேச்சு நின்றுபோனது. பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போர் முடிந்து 38 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்கு மருந்து என்று பல நாடுகள் செய்வது, பல இடங்களில் வாங்குவது. ஒருவர் கைவிட்டால் இன்னொருவர் இருப்பார் என்ற நியாயம். இந்தோனேசியா எஃப்-16, சுகோய் இரண்டையும் வைத்துக்கொண்டு 2022 இல் 42 ரஃபேல் விமானங்களுக்கும் ஒப்பந்தம் போட்டது. நியாயம் புரிகிறது, ஆனால் ஒவ்வொரு வகைக்கும் தனி உதிரிபாகக் கிடங்கு, தனிப் பயிற்சி, தனி ஆயுதம், தனி மொழி. முதல் பகுதியில் சொன்ன தயார்நிலை விகிதம் இங்கே அடிவாங்குகிறது. இந்த இழுபறிக்கு முழுத் தீர்வு கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் அச்சத்துக்கு ஏற்ப ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்கிறது.

## இயக்கும் மனிதர்கள்

போர் விமானத்தைக் கடன் வாங்கியாவது இரண்டு மூன்று ஆண்டுகளில் தருவித்துவிடலாம். அணியை வழிநடத்தும் அனுபவம் கொண்ட விமானிக்குப் பத்தாண்டு ஆகும். எஞ்சினின் சத்தத்திலேயே கோளாறைக் கண்டுபிடிக்கும் தொழில்நுட்பருக்கும் அவ்வளவு காலம் வேண்டும். அவரைத் தனியார் விமான நிறுவனம் இரட்டிப்புச் சம்பளத்துக்கு அழைத்துக்கொண்டு போய்விடவும் கூடும். வியட்நாம் 2009 இல் ரஷ்யாவிடம் ஆறு கிலோ வகை நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. பெரிய நீர்மூழ்கிகளை இயக்கிய அனுபவம் இல்லாத கடற்படையாக இருந்ததால், தன் மாலுமிகளை ரஷ்யாவுக்கும் இந்தியாவுக்கும் அனுப்பிப் பயிற்றுவித்தது. கப்பலோடு ஆட்களையும் திட்டமிட்டது சரியான வழி.

2021 ஏப்ரலில் இந்தோனேசியாவின் நங்காலா நீர்மூழ்கி பாலிக்கு வடக்கே மூழ்கி, அதில் இருந்த 53 பேரும் இறந்தார்கள். ஜெர்மனியில் கட்டி 1981 இல் பணியில் சேர்ந்த கலம் அது. மூழ்கிய நீர்மூழ்கியை மீட்கும் சொந்தக் கப்பல் இந்தோனேசியாவிடம் இல்லை. கடலடியில் உடைந்து கிடந்ததைப் படமெடுத்துத் தந்தது சிங்கப்பூரின் மீட்புக் கப்பல். நீர்மூழ்கி வாங்குகிறோம் என்று ஒரு நாடு அறிவிக்கும்போது மீட்புக்கான ஏற்பாடும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அந்தக் கலத்துக்குள் இறங்கும் ஒவ்வொருவருக்கும் நாடு செலுத்த வேண்டிய கடன் அது.

## எந்த வேலைக்கு, யார் கட்டுவது?

வளரும் நாடுகள் பலவற்றுக்கு அன்றாடத் தேவை பெரும்போர் அல்ல. கரையிலிருந்து 200 கடல் மைல்வரை மீனுக்கும் எண்ணெய்க்கும் உரிமை தரும் பொருளாதார மண்டலத்தைக் கண்காணிப்பது, கடத்தலைத் தடுப்பது, புயலில் சிக்கியவர்களுக்கு உணவு கொண்டுபோவது. 2013 நவம்பரில் ஹையான் சூறாவளி பிலிப்பைன்ஸைத் தாக்கி ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது அந்நாட்டுக்கு உடனடியாகத் தேவைப்பட்டவை சரக்கு விமானங்களும், துறைமுகமே அழிந்த இடத்தில் பொருள் இறக்கக்கூடிய கப்பல்களும்தான்.

அத்தகைய கப்பலுக்கான கொள்முதலை மணிலா சூறாவளிக்கு முன்பே தொடங்கியிருந்தது. ஒப்பந்தம் கிடைத்தது இந்தோனேசியாவின் சுரபாயாவில் உள்ள பிடி பால் என்ற அரசு கப்பல் கட்டும் தளத்துக்கு. அந்தத் தளம் அந்தத் திறனைப் பெற்ற விதத்தைப் பார்த்தால் உள்நாட்டுத் தயாரிப்பு எப்படி வளர்கிறது என்பது தெரியும். மகசார் வகைத் தரையிறக்கக் கப்பல்கள் நான்கை இந்தோனேசியா வேண்டியபோது முதல் இரண்டும் தென்கொரியாவின் பூசானில் கட்டப்பட்டன. அடுத்த இரண்டைத் தென்கொரிய உதவியோடு சுரபாயாவிலேயே கட்டினார்கள். வடிவமைப்பும் கட்டும் முறையும் கைமாறின. இப்படி விற்பவர் வாங்குபவருக்குச் செய்யும் முறையையே கற்றுக்கொடுப்பதைத் தொழில்நுட்பப் பரிமாற்றம் என்கிறோம்.

உள்நாட்டில் செய்தது என்ற முத்திரையைக் கண்டு மயங்காமல் எந்தப் பகுதி என்று கேட்க வேண்டும். கப்பலின் உடலைக் கட்டுவது முதலில் கைகூடும். எஞ்சின், ரேடார், ஏவுகணையின் வழிகாட்டி ஆகியவை கடைசியில்தான் வசப்படும். இந்தியாவில் கட்டி 2022 இல் பணியில் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்குத் தேவையான சிறப்பு எஃகை உள்நாட்டிலேயே உருவாக்கியது பெரிய சாதனை. அதை ஓட்டும் நான்கு விசையாழிகள் அமெரிக்க வடிவமைப்பு. 2021 இல் ஒப்பந்தமான 83 தேஜஸ் விமானங்கள் தாமதமானதற்கு ஒரு முக்கியக் காரணம் அமெரிக்க எஞ்சின்கள் நேரத்துக்கு வராதது. ஆனாலும் அந்த முதற்படியைத் தாண்டாமல் அடுத்த படி கிடையாது. கட்டியவரிடமே பழுதுபார்க்கும் திறனும் இருக்கும். அந்தக் கப்பல்கள் துறையில் வீணாகக் கிடக்கும் நாள்கள் குறையும்.

சுரபாயாவில் கட்டிய தர்லாக் 2016 இலும் தாவாவ் தெல் சூர் 2017 இலும் பிலிப்பைன்ஸ் கடற்படையில் சேர்ந்தன. அந்நாட்டுக் கடற்படை அதுவரை வைத்திருந்தவற்றிலேயே பெரிய கப்பல்கள் அவை. 2022 ஜூனில் மணிலா அதே தளத்திடம் மேலும் இரண்டு கப்பல்களுக்கு ஒப்பந்தம் செய்தது. கப்பல்கள் நான்கானால் ஒன்று பழுதுபார்ப்பில் இருக்கும்போதும் புயலுக்குக் கிளம்ப இன்னொன்று மிஞ்சும். வடிவமைப்பு ஒரே மரபில் வருவதால் மாலுமிகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் எளிது.